ஒரே மாலையில் செய்தி, தொடர், வினாடி வினா, ஆவணப்படம்: பிரிட்டிஷ் டிவி நிரல் எப்படிக் கட்டப்படுகிறது?

பிபிசி எப்படி இயங்க வேண்டும் என்று வகுக்கும் ஆவணமான அதன் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அதற்குப் பிறகு, டிவி பார்க்கும் வீடுகள் பிபிசிக்காகக் கட்டும் லைசென்ஸ் கட்டணம் தொடருமா, பணத்துக்கு வேறு வழி வருமா என்று பிரிட்டனில் வாதம் நடக்கிறது. இந்தச் செய்திகளைப் படிக்கும் பலருக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம் எழுகிறது. செய்திக்குத் தனிச் சேனல், படத்துக்குத் தனிச் சேனல், மிச்சத்துக்கு யூடியூப் என்று ஆகிவிட்ட காலத்தில், ஒரே சேனல் ஒரே மாலையில் இத்தனை வகை நிகழ்ச்சிகளை ஏன் ஒளிபரப்ப வேண்டும்? அதற்கு ஏன் சட்டம், கட்டணம், கண்காணிப்பு அமைப்பு எல்லாம்?

அந்தக் கலவை தானாக அமைந்ததில்லை. சட்டம், பணம், போட்டி மூன்றும் இழுத்த இழுப்பில் எழுபது ஆண்டுகளாக உருவானது. இந்த மூன்றும் எப்படி வேலை செய்தன என்று தெரிந்தால்தான், இன்றைய வாதத்தில் எது பணயத்தில் இருக்கிறது என்பது புரியும்.

யார் நடத்துகிறார்கள், யார் பணம் கொடுக்கிறார்கள்

பிரிட்டனில் 'பொதுச்சேவை ஒளிபரப்பாளர்' என்ற தகுதி சில நிறுவனங்களுக்கு மட்டும் உண்டு. அவற்றின் பணவழி ஒன்றுக்கொன்று வேறு.

1. பிபிசி. வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் கட்டணம். 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. உள்நாட்டுச் சேனல்களில் விளம்பரமே கிடையாது. எந்தச் சேனலாக இருந்தாலும் நேரலையாகப் பார்க்க இந்த லைசென்ஸ் வேண்டும். 2016 செப்டம்பரிலிருந்து பிபிசியின் இணைய வழிச் சேவையான ஐபிளேயரில் பார்க்கவும் வேண்டும்.

2. ஐடிவி. 1955 செப்டம்பர் 22 அன்று தொடங்கியது. முழுக்க விளம்பர வருமானம், தனியார் நிறுவனம்.

3. சேனல் 4. 1982 நவம்பர் 2 அன்று தொடங்கியது. அரசுக்குச் சொந்தம், ஆனால் விளம்பரத்தில் ஓடுகிறது. நிகழ்ச்சிகளைத் தானே தயாரிக்காமல் வெளியாரிடம் வாங்கி ஒளிபரப்பும்படி அமைக்கப்பட்டது. அந்தத் தடையை 2024-ஆம் ஆண்டின் ஊடகச் சட்டம்தான் நீக்கியது.

4. சேனல் 5-ம், வேல்ஸ் மொழிக்கான எஸ்4சி-யும்.

இவற்றை இப்போது கண்காணிக்கிற அமைப்பு, 2003 இறுதியில் பொறுப்பேற்ற ஆஃப்காம். உச்ச நேரத்தில் எவ்வளவு செய்தி, எவ்வளவு நடப்பு விவகாரம், லண்டனுக்கு வெளியே எவ்வளவு தயாரிப்பு, புதிதாக எடுத்தவை எத்தனை என்று உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். மாலை 6 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம். இந்தக் கடமைகளுக்குப் பதிலாக அவற்றுக்குக் கிடைப்பது, டிவியைப் போட்டதும் முதல் சில எண்களில் இடம். ரிமோட்டில் 1, 2, 3, 4, 5 என்ற வரிசை சாதாரணமாகத் தோன்றலாம். பார்வையாளர் முதலில் தொடுகிற எண்கள் அவைதான் என்பதால் அதன் வணிக மதிப்பு பெரிது.

ஆறு மணிக்கு அணைந்த திரை

பிபிசியின் டிவி சேவை 1936 நவம்பர் 2 அன்று லண்டனின் அலெக்ஸாண்டிரா பேலஸிலிருந்து தொடங்கியது. 1939 செப்டம்பர் 1 அன்று போருக்காக நிறுத்தப்பட்டு, 1946 ஜூன் 7 அன்று மீண்டும் வந்தது. அப்போது ஒரே சேனல்தான். போட்டி இல்லாததால் 'எந்த நேரத்தில் எது' என்ற கேள்விக்குப் பெரிய அவசரம் இல்லை. தகவல், கல்வி, பொழுதுபோக்கு மூன்றையும் ஒரே இடத்தில் தரவேண்டும் என்பது வானொலிக் காலத்தில் பிபிசியின் முதல் தலைமை இயக்குநர் ஜான் ரீத் போட்ட அடித்தளம். அது டிவிக்கும் அப்படியே வந்தது.

1957 வரை மாலை 6 முதல் 7 வரை ஒளிபரப்பே இருக்காது. குழந்தைகள் நிகழ்ச்சி முடிந்ததும் திரை அணைந்துவிடும். பெற்றோர் பிள்ளைகளைத் தூங்க வைக்கலாம் என்பது எண்ணம். 1955-ல் ஐடிவி வந்ததும் இது பணப் பிரச்சினையாகிவிட்டது. வீட்டில் எல்லாரும் இருக்கிற ஒரு மணி நேரத்தில் விளம்பரம் விற்க முடியாவிட்டால் தனியார் நிறுவனம் எப்படிப் பிழைக்கும்? 1957 பிப்ரவரியில் அந்த இடைவேளை ஒழிக்கப்பட்டது. பிபிசியும் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமைக்கு இளைஞர்களுக்கான இசை நிகழ்ச்சி, வார நாட்களுக்குச் செய்தியும் பேட்டியும் வேடிக்கையும் கலந்த 'டுநைட்' என்ற நிகழ்ச்சி. வேலை முடிந்து வருகிறவருக்குக் கனமும் லேசும் கலந்து கொடுக்கும் பழக்கம் மாலை நேரத்தில் வேரூன்றியது இங்கேதான்.

போட்டி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ஐடிவி தொடங்கிய அதே இரவில், பிபிசி வானொலியின் புகழ்பெற்ற 'தி ஆர்ச்சர்ஸ்' தொடரில் கிரேஸ் ஆர்ச்சர் என்ற பாத்திரம் தீ விபத்தில் இறந்துபோனாள். மறுநாள் நாடு பேசியது புதிய சேனலைப் பற்றி மட்டும் இல்லை, அவளைப் பற்றியும்தான்.

நாளுக்கு ஒரு வகை: தோல்வியடைந்த சோதனை

'பிடித்ததைப் பிடித்தவர் பார்க்கட்டும்' என்ற யோசனை இன்றைக்கு வந்ததில்லை. பிபிசியே அதை ஒருமுறை முயன்று பார்த்தது. 1964 ஏப்ரலில் பிபிசி டூ தொடங்கியபோது, அதன் தலைவர் மைக்கேல் பீகாக் வாரத்தின் ஒவ்வொரு மாலையையும் ஒரு வகைக்கு ஒதுக்கினார். ஒரு நாள் கல்வி, ஒரு நாள் பொழுதுபோக்கு, ஒரு நாள் நாடகம் என்று 'வாரத்தின் ஏழு முகங்கள்'. தொடக்க இரவே மின்தடையால் கெட்டு, சேனல் மறுநாள்தான் முழுதாக வந்தது. அது துரதிர்ஷ்டம், அவ்வளவுதான். உண்மையான பிரச்சினை திட்டத்திலேயே இருந்தது. கல்வி நாளன்று மற்றவர்கள் மொத்தமாக வேறு சேனலுக்குப் போனார்கள். ஒரு நாள் முழுவதும் தனக்கு எதுவும் இல்லை என்று தெரிந்தவர் அன்றைக்கு அந்தச் சேனலைத் திறப்பதே இல்லை. சில மாதங்களில் திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்து 1965-ல் சேனலின் பொறுப்புக்கு வந்தவர் டேவிட் அட்டன்பரோ. இயற்கை ஆவணப்படங்களின் குரலாக உலகம் அறிந்தவர், அதற்கு முன்பே நிகழ்ச்சி நிரல் வகுப்பதில் மிகச்சிறந்தவராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் காலத்தில் தொல்லியல், வணிகச் செய்தி, நாடகம், விளையாட்டு எல்லாம் ஒரே மாலையில் அடுத்தடுத்து நின்றன. 1967 ஜூலை 1 அன்று விம்பிள்டன் ஆட்டங்களோடு பிபிசி டூ வண்ணத்துக்கு மாறியது. வண்ணத்தைக் காட்ட மேற்கத்தியக் கலை வரலாற்றைப் பற்றிய 'சிவிலைசேஷன்' தொடரை 13 பாகங்களாக எடுக்கச் செய்தார். அதே காரணத்துக்காக, நிறப் பந்துகள் உருளும் ஸ்னூக்கரையும் கொண்டுவந்தார். இரண்டும் 1969-ல் வந்தன. மைக்கலாஞ்சலோவும் ஸ்னூக்கரும் ஒரே சேனலில்! ஸ்னூக்கருக்காக வந்தவர் கலைத்தொடரின் முன்னறிவிப்பையும் பார்த்துவிட்டுப் போனார். பிரிட்டிஷ் கலவை நிரலின் மையக் கருத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு மாலையின் உள்வேலை

நிரல் எழுதுகிறவர் நிகழ்ச்சிகளைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, வரிசையாகப் பார்க்கிறார். அவர் கையில் உள்ள உத்திகள் இவை.

1. முந்தைய நிகழ்ச்சியின் கூட்டத்தை அடுத்ததற்குக் கடத்துவது. ரிமோட் இல்லாத காலத்தில் எழுந்துபோய் பொத்தானைத் திருக வேண்டும் என்பதால் பலர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ரிமோட் வந்த பிறகும் அந்தப் பழக்கம் ஓரளவு நீடித்தது.

2. பலவீனமான நிகழ்ச்சியை இரண்டு பலமானவற்றுக்கு நடுவே வைப்பது. இரண்டு மரங்களுக்கு இடையே தூளி கட்டுவது போல. யாரும் தேடி வராத விஷயங்களுக்கு இந்த இடம்தான் உயிர்.

3. இரண்டு வெவ்வேறு கூட்டங்களுக்கு இடையே பாலம் போடுவது. 1963 நவம்பர் 23 அன்று 'டாக்டர் ஹூ' தொடங்கியது இதற்காகத்தான். சனிக்கிழமை மாலையில் விளையாட்டு நிகழ்ச்சி முடிந்து, இளைஞர்களின் பாட்டு நிகழ்ச்சி தொடங்கும் முன் இருந்த இடைவெளியில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து பார்க்க ஒன்று தேவைப்பட்டது. பல பத்தாண்டுகள் ஓடிய அறிவியல் புனைவுத் தொடர் பிறந்தது ஒரு நேர அட்டவணையின் ஓட்டையை அடைக்க.

4. எதிரியின் பலத்தைத் தவிர்ப்பது. அந்தப் பக்கம் பெரிய தொடர் ஓடினால், இந்தப் பக்கம் அதைப் பார்க்காதவர்களுக்கானதை வைப்பது.

5. ஒரே நிறுவனத்தின் இரண்டு சேனல்களில் நிகழ்ச்சிகளை ஒரே நிமிடத்தில் முடியச் செய்வது. அப்போதுதான் 'இப்போது பிபிசி டூவில் இது' என்று அறிவிப்பாளர் சொல்ல, பார்வையாளர் அதே நிறுவனத்துக்குள்ளேயே சேனல் மாறுவார்.

இதையெல்லாம் ஒரு வார நாள் மாலையில் பொருத்திப் பாருங்கள். ஆறு மணிக்கு பிபிசி ஒன்னில் தேசியச் செய்தி, ஆறரைக்கு வட்டாரச் செய்தி. ஏழு மணிக்கு லேசான பேட்டி நிகழ்ச்சி. ஏழரைக்கு, 1985 பிப்ரவரி 19 முதல் ஓடிவரும் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' என்ற லண்டன் குடியிருப்புத் தொடர். பிபிசி டூவில் திங்கட்கிழமை என்றால் எட்டு மணியை ஒட்டி வினாடி வினாக்கள். கல்லூரிகள் மோதும் 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' அவற்றில் ஒன்று. 1962-ல் ஐடிவியில் பிறந்து, 1987-ல் நின்று, 1994-ல் பிபிசிக்கு வந்த பழைய நிகழ்ச்சி அது. ஒன்பதுக்குக் கனமான நாடகம் அல்லது ஆவணப்படம். பத்துக்கு மறுபடி செய்தி.

இதே ஏழு மணிக்குச் சேனல் 4 ஒரு மணி நேரச் செய்தி தருகிறது, 1982-ல் தொடங்கிய நாளிலிருந்தே. அந்த நேரத்தில் பொழுதுபோக்கு போட்டால் விளம்பரம் கூடுதலாகச் சேரும் என்பது எந்த வணிகருக்கும் தெரியும். ஆனாலும் செய்தி அங்கேயே இருக்கிறது, உரிமம் அப்படிக் கேட்பதால். சந்தைக் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் அது என்றோ நள்ளிரவுக்குத் தள்ளப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஒன்பது மணிக் கோடு

பிரிட்டிஷ் நிரலின் முதுகெலும்பு 'வாட்டர்ஷெட்' என்று அழைக்கப்படும் இரவு 9 மணிக் கோடு. காலை 5.30 முதல் இரவு 9 வரை, குழந்தைகளுக்குப் பொருந்தாதவற்றைச் சாதாரண சேனல்கள் ஒளிபரப்பக் கூடாது. விதியில் ஒரு நுட்பம் உண்டு: 9.01-க்கே மிகக் கடுமையான காட்சியைப் போட்டுவிட முடியாது. மாற்றம் திடுமென்று இருக்கக் கூடாது என்றும் ஆஃப்காம் விதி சொல்கிறது. அதனால் இரவு நகர நகர உள்ளடக்கம் படிப்படியாகக் கடுமையாகும். பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தே என்ன வரக்கூடும் என்று ஊகிக்கலாம். 2026 ஜனவரி முதல், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளின் டிவி விளம்பரத்துக்கும் இதே ஒன்பது மணிதான் எல்லை.

இந்தக் கோடு தமிழ் மக்களை நேரடியாகத் தொட்ட ஒரு இரவு உண்டு. இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய சேனல் 4-இன் ஆவணப்படம், ஜான் ஸ்னோ தொகுத்து வழங்கியது, 2011 ஜூன் 14 அன்று இரவு 11.05 மணிக்கு ஒளிபரப்பானது. 'இவ்வளவு முக்கியமானதை ஏன் நள்ளிரவை ஒட்டி ஒளித்துவைத்தார்கள்?' என்ற கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. நிரலின் இலக்கணம் தெரிந்தால் பதில் கிடைக்கும். கைதிகள் சுட்டுக் கொல்லப்படும் காட்சிகளும் சடலங்களும் மறைக்கப்படாமல் காட்டப்பட்டன. ஒன்பதுக்குப் போட்டிருந்தால் பல காட்சிகளை வெட்டவோ மங்கலாக்கவோ வேண்டியிருந்திருக்கும். பார்வையாளர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, சாட்சியத்தைக் குறைக்காமல் காட்டும் வழி அது. பின்னர் புகார்கள் வந்தபோது, விதிமீறல் எதுவும் இல்லை என்று ஆஃப்காம் முடிவு செய்தது. அந்த முடிவுக்கு ஒளிபரப்பு நேரமும் முன்னெச்சரிக்கை அறிவிப்புகளும் பெரிய துணை. அந்தப் படம் அந்த நேரத்தில் வந்தது சரியே என்பது என் கருத்து. வெட்டிய வடிவம் எட்டு மணிக்கு வந்திருந்தால் அதன் எடை இருந்திருக்காது.

இந்தக் கலவைக்குப் பணம் எங்கிருந்து வந்தது

குறைவான பேர் பார்க்கும் நிகழ்ச்சிகளை யாரோ சுமக்க வேண்டும். பிபிசியில் லைசென்ஸ் கட்டணம் சுமக்கிறது. கட்டணம் எல்லாரிடமும் வாங்குவதால் எல்லாருக்கும் எதையாவது கொடுக்கவேண்டிய கட்டாயமும் கூடவே வருகிறது. கலவை நிரலுக்கும் லைசென்ஸ் கட்டணத்துக்கும் உள்ள உறவு இதுதான். கட்டணம் விரும்பிச் சேரும் சந்தாவாக மாறினால், பணம் கட்டுகிறவர் விரும்புவதை மட்டும் கொடுக்கும் அழுத்தம் வரும்.

சேனல் 4-க்கு வேறு ஏற்பாடு இருந்தது. 1992 இறுதிவரை அதன் விளம்பர நேரத்தை ஐடிவி நிறுவனங்களே விற்றன. பதிலுக்கு அவை ஒரு தொகையைச் சேனல் 4-க்குக் கட்டின. நிகழ்ச்சி எடுப்பவரும் விளம்பரம் விற்பவரும் வேறு வேறு ஆட்கள் என்பதால், சிறுபான்மையினருக்கும் புதிய முயற்சிகளுக்கும் துணிந்து இடம் கொடுக்க முடிந்தது. 1993 முதல் அது தன் விளம்பரத்தைத் தானே விற்கிறது. அன்றிலிருந்து மாலை நிரலில் வருமானக் கணக்கின் நிழல் அதிகம். அதைத் தனியாருக்கு விற்கும் திட்டம் ஒன்று எழுந்து, 2023 ஜனவரியில் கைவிடப்பட்டது.

ஒரே நேரத்தில் பார்ப்பதால் நடப்பவை

நாடே ஒரே நேரத்தில் ஒன்றைப் பார்ப்பதன் விளைவு மின்சாரக் கட்டமைப்பில் கண்ணால் தெரிந்தது. 1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் இங்கிலாந்து பெனால்டியில் தோற்றதும், லட்சக்கணக்கானோர் எழுந்து தேநீருக்கு மின்கெட்டிலைப் போட்டார்கள். மின்தேவை ஏறத்தாழ 2,800 மெகாவாட் எகிறியது. வேல்ஸில் உள்ள டினார்விக் நீரேற்று மின்நிலையம் போன்றவை விநாடிகளில் உற்பத்தியைக் கூட்டி இத்தகைய எழுச்சிகளைச் சமாளித்தன. மின்துறையினர் டிவி நிரலைப் பார்த்து வேலையைத் திட்டமிட்டார்கள்.

சமூக விளைவு இதைவிடப் பெரியது. பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனத்தின் 'ஹொரைசன்' கணினிக் கணக்கில் இருந்த கோளாறுகளால், 1999 முதல் 2015 வரை நூற்றுக்கணக்கான கிளை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் திருட்டு, மோசடிக் குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டார்கள். தெற்காசியப் பின்னணி உள்ளவர்கள் அவர்களில் பலர். பத்திரிகைகள் 2009-லிருந்து எழுதின. பிபிசியின் 'பனோரமா' 2015-ல் காட்டியது. நாடு பெரிதாக அசையவில்லை. 2024 ஜனவரி 1 முதல் 4 வரை, நான்கு இரவுகள் தொடர்ந்து 9 மணிக்கு ஐடிவி அதை நாடகமாக ஒளிபரப்பியது. ஜனவரி 10 அன்று, தண்டனைகளை ரத்துசெய்யச் சட்டம் வரும் என்று பிரதமர் ரிஷி சுனக் அறிவித்தார். மே மாதமே சட்டம் நிறைவேறியது.

நாடகம் நன்றாக எடுக்கப்பட்டது உண்மை. ஆனால் நான்கு நாட்களும் ஒரே நேரம், முடிந்ததும் பத்து மணிச் செய்தி, காலையில் அலுவலகத்தில் அதே பேச்சு என்ற அமைப்பு இல்லாமல் அந்த வேகம் வந்திருக்குமா என்பது சந்தேகம். கணினிக் கணக்குக் கோளாறு என்று தலைப்பிட்டால் தேடிப் போய்ப் பார்க்கிறவர் மிகச் சிலர்.

நேர அட்டவணை செயலிக்குள் கரையும்போது

2007 டிசம்பர் 25 அன்று ஐபிளேயர் வந்தது. இப்போது பல தொடர்களின் எல்லாப் பாகங்களும், டிவியில் முதல் பாகம் வரும் முன்பே, செயலியில் கிடைத்துவிடுகின்றன. 2021-ல் பிரிட்டனில் வாரம் ஒருமுறையாவது ஒளிபரப்பு டிவி பார்த்தவர்கள் 83 சதவீதம்; 2022-ல் அது 79 சதவீதம். 2025-ல் ஆஃப்காம் சொன்ன கணக்கில், பிபிசிக்கு அடுத்து அதிகம் பார்க்கப்படும் இடத்தை ஐடிவியிடமிருந்து யூடியூப் எடுத்துக்கொண்டது.

இதனால் மாறுவது மூன்று.

1. ஒன்பது மணிக் கோடு செயலியில் இல்லை. அதன் வேலையைக் கடவுச்சொல்லும் வயதுக் குறிப்பும் செய்ய வேண்டியிருக்கிறது. வீட்டில் யார் கையில் ரிமோட் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது பலிக்கும் அல்லது பலிக்காது.

2. இரண்டு பலமானவற்றுக்கு நடுவே பலவீனமானதை வைக்கும் உத்தி செத்துப்போகிறது. ஒரு தொடர் முடிந்தால் அதன் அடுத்த பாகம் தானாக ஓடத் தொடங்குகிறது. ஸ்னூக்கர் பார்த்தவருக்கு மேலும் ஸ்னூக்கர்தான்.

3. சேனல் எண் 1, 2, 3-க்கு இருந்த மதிப்பு குறைகிறது. 2024 ஊடகச் சட்டம் இதற்கு மாற்றாக, இணைய டிவிகளில் பொதுச்சேவைச் செயலிகள் எளிதில் கண்ணில் படவேண்டும் என்கிறது.

மூன்றாவதை நன்றாகக் கவனிக்க வேண்டும். செயலி கண்ணில் படுவதைச் சட்டம் உறுதி செய்கிறது. செயலியைத் திறந்த பிறகு முகப்பில் எது நிற்கும் என்பது வேறு விஷயம். அங்கே செய்தியும் அறிவியலும் வட்டார நிகழ்ச்சியும் மற்றவற்றோடு கலந்து நிற்குமா, அல்லது நேற்றுப் பார்த்ததன் சாயலே இன்றும் வருமா? பழைய உரிமங்களில் 'உச்ச நேரத்தில் இத்தனை மணி' என்று எழுத முடிந்தது. முகப்புப் பக்கத்துக்கு அப்படி அளவு எழுதும் முறை இன்னும் உருவாகவில்லை. சாசனப் பேச்சில் கட்டணத் தொகைக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டும். கட்டணத்தை எந்த வடிவில் வாங்கினாலும், அந்தப் பணத்துக்கு எடுக்கப்பட்ட நிகழ்ச்சி யார் கண்ணிலும் படாமல் கிடங்கில் கிடந்தால் கடமை நிறைவேறியதாகாது.

ஆன்டெனா வழியான ஒளிபரப்பு 2034 வரை தொடர உறுதி இருக்கிறது. இணையக் கட்டணம் கட்ட முடியாத வீடுகளுக்கும் தனியாக வாழும் முதியவர்களுக்கும் அதுவரை ஆறு மணிச் செய்தியும் ஒன்பது மணி நாடகமும் பழைய வரிசையிலேயே வரும். அதற்குப் பிறகு அலைவரிசை யாருக்கு, ஆன்டெனாவை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளுக்கு என்ன வழி என்ற முடிவுகளை, புதிய சாசனம் நடைமுறையில் இருக்கும் காலத்திலேயே பிரிட்டிஷ் அரசு எடுத்தாக வேண்டும்.